காட்டில் கிடந்தது பிணமில்லை: செட்டிநாட்டு ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தார் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், கோவில் நிர்வாகிகளுக்கும், ஊராட்சித் தலைவர்களுக்கும், குறிப்பாக இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எடுத்த வீடியோ இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. தைலமரக்காட்டுக்குள் டார்ச் வெளிச்சம், ஒரே கூச்சல், நடுவில் காய்ந்த வாய்க்காலுக்குள் வேட்டி கட்டிய ஒருவர் கிடக்கிறார். ‘காட்டுக்குள் பிணம், மர்மக் கும்பல் சிக்கியது, எல்லா ஊருக்கும் பகிரவும்’ என்று கீழே போட்டிருக்கிறது. அந்த மர்மக் கும்பலில் நானும் ஒருவன். கிடந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நல்ல சௌக்கியமாக இருக்கிறார். மறுநாள் காலை என் கடைக்கு வந்து டீ குடித்தவர், வீடியோவில் தன் தொப்பை பெரிதாகத் தெரிகிறதே என்றுதான் குறைப்பட்டுக்கொண்டார்.

அன்றைக்கு நாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். புதையல் தோண்டினோமாம். பிள்ளை பிடிக்க வந்தோமாம். ஒருவர் மட்டும், ஏதோ சினிமா எடுக்கிறார்கள் என்று கொஞ்சம் கௌரவமாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, விளக்கத்தைவிட உங்களிடம் கேட்க வேண்டியதுதான் நிறைய இருப்பது தெரிந்தது. அதனால் இது மடலாகிவிட்டது.

காணாமல் போனவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் தன்னார்வக் குழு எங்களுடையது. அன்று நாங்கள் நடத்தியது ஒரு தேடல் பயிற்சி. சம்பளமும் கிடையாது, சீருடையும் கிடையாது. பெயின்ட் கடை வைத்திருக்கும் நான், ஒரு மருந்துக்கடைக்காரர், ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் இரண்டு பேர், ஒரு எலக்ட்ரீசியன், கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு கீதாரி. கீதாரி எதற்கு என்று கேட்பீர்கள். கிடை போட்டு ஊர் ஊராக ஆட்டோடு நடந்த மனிதர் அவர். புழுதியில் ஒரு குளம்படியைப் பார்த்தால் காலையில் போனதா, நேற்றுப் போனதா என்று சொல்வார். தடம் பார்க்க எங்களில் அவருக்கு ஈடு யாருமில்லை. மற்றவர்கள் செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கும்போது அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“இங்க எங்கப்பா காடு, தேடுறதுக்கு? இது என்ன மேற்குத்தொடர்ச்சி மலையா?” என்று என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் இருந்த காடு லேசுப்பட்டதல்ல. 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்க, சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழிபோடப் பார்த்த கிழக்கிந்தியக் கும்பினிப் படை ஒரு மாதம் முட்டிமோதிவிட்டுப் பின்வாங்கியது. அந்தக் காடு இன்று இல்லை. இன்றைக்கு இருப்பது வேறு மாதிரி. பிரான்மலைச் சரிவும் சங்கரபதிக் கோட்டையைச் சுற்றியுள்ள காடும் போக, தைலமரத் தோப்புகள், முந்திரிக்காடு, தண்ணீர் வராத கண்மாய்களுக்குள் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேல். புலி, யானை கிடையாது. ஆனால் ஓர் ஆள் விழுந்தால் வெளியே தெரியாத பள்ளம் ஏராளம். கிராவல் எடுத்த குழிகள், கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறுகள், தைலமர வரிசைகளுக்கு நடுவே மழைநீருக்காக வெட்டிப்போட்ட அகழிகள். சீமைக்கருவேலுக்குள் வயதானவர் ஒருவர் நுழைந்துவிட்டால் முள் அவரை முன்னேயும் விடாது, பின்னேயும் விடாது. சாலையில் பஸ் போகும் சத்தம் அவர் காதில் விழும். அவரைச் சாலையிலிருந்து யாரும் பார்க்க முடியாது.

அன்றைய பயிற்சிக்கு நாங்கள் வைத்துக்கொண்ட கதை இது. எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், மறதிநோய் உள்ளவர், மாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கிறார். கடைசியாகக் காட்டோரத்து டீக்கடையில் பார்த்திருக்கிறார்கள். பெரியவராக நடித்தவர்தான் தபால்காரர். அவருக்கு ஒரே ஒரு கட்டளை: யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் பேசக் கூடாது.

இது எங்கள் கற்பனை இல்லை. காணாமல் போனவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் ராபர்ட் கோஸ்டர் என்பவர் ஆயிரக்கணக்கான சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். மறதிநோய் உள்ளவர் ஏதாவது ஒன்றில் சிக்கி நிற்கும்வரை போய்க்கொண்டே இருப்பார், ஆனாலும் பெரும்பாலும் வெகுதூரத்தில் இருக்கமாட்டார், கூப்பிட்டால் குரல் கொடுக்கமாட்டார், தான் தொலைந்துபோனதே அவருக்குத் தெரியாது என்பது அதிலிருந்து தெரியவருகிறது. அதனால் தொண்டை வறளப் பெயரைக் கூவிக்கொண்டே போகிற தேடல் அவருக்கு உதவாது. கண்ணால் பார்த்துத்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு வேலை பார்த்தோம். வைக்கோல் அடைத்த பொம்மைக்கு வேட்டி கட்டித் தரையில் போட்டுவிட்டு, அது கண்ணுக்கு மறையும்வரை பின்னால் நடப்பது. பிறகு வேறு பக்கத்திலிருந்து, அது கண்ணில் படும்வரை முன்னால் வருவது. வரிசையில் ஆளுக்கு ஆள் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தைலமரம் நேர்வரிசையாக நட்டிருப்பதால், வரிசையோடு பார்த்தால் கடைசிவரை தெரிகிறது. கொஞ்சம் சாய்வாகப் பார்த்தால் மரங்கள் சேர்ந்து சுவராகிவிடுகின்றன. வெள்ளை வேட்டி பரவாயில்லை. அடுத்து, குழுவில் ஒருவர் தன் அப்பத்தாவின் பழைய அரக்குக் கண்டாங்கியைக் கொண்டுவந்திருந்தார். அதை பொம்மைக்குச் சுற்றிப் போட்டோம். செம்மண்ணும் காய்ந்த தைலஞ்சருகும் அந்தச் சேலையும் ஒரே நிறம். கண்ணெதிரே வைத்த பொம்மை, ஏழெட்டு எட்டு வைத்துத் திரும்பியதும் காணோம். கல்லூரிப் பிள்ளைகள் அதுவரை கொஞ்சம் விளையாட்டாக இருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நம் ஊர் ஆச்சிமார் பலர் கட்டுகிற சேலை அதுதானே.

இருட்டியதும் வரிசையாக நடந்தோம். இரவில் ஏன் என்றும் கேட்கிறார்கள். காற்று அடங்கியிருக்கும், முனகல்கூடத் தூரத்திலிருந்து கேட்கும். மூக்குக்கண்ணாடி, செருப்பு வார், தண்ணீர் பாட்டில் எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் மினுக்கும். தொலைந்தவரும் இருட்டில் பெரும்பாலும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவார். தைலஞ்சருகின் மேல் நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால் கொஞ்ச தூரம் நடந்ததும் எல்லோரும் நிற்போம். ஒரே நேரத்தில் விசில் அடிப்போம். பிறகு ஒரு நிமிடம் அசையாமல் காதைக் கொடுப்போம். பயிற்சிகளில் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இந்த ஒரு நிமிடம்தான். கையும் காலும் பரபரக்கும். அந்த அமைதிக்குள்ளேதான் மயில் ஒன்று திடீரென்று அலறி நம் உயிரை எடுக்கும்.

இன்னொரு பழக்கம், நடந்துவந்த பக்கம் திரும்பிப் பார்ப்பது. முன்னால் பார்க்கையில் புதர் மறைத்தது, பின்னால் பார்க்கையில் தெரியும். அன்று வரிசை ஒருமுறை தபால்காரருக்குக் கொஞ்சம் தள்ளிக் கடந்தே போய்விட்டது. அவர் வரத்துக்காலுக்குள் காரைமுள்ளுக்கு அடியில் மூச்சுவிடாமல் படுத்திருந்தார். வழியில் துப்புக்காக ஒற்றைச் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். அதைக் கண்டது கீதாரி. ஒரு பையன் எடுக்கக் குனிந்தான். கையைத் தட்டிவிட்டார். சுற்றி நாலு குச்சி நட்டு, செருப்பின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டி, அதற்கப்புறம்தான் போட்டோ எடுக்கவிட்டார். செருப்பு கழன்ற காலும் செருப்பு போட்ட காலும் மாறிமாறி விழுந்த தடம் மண்ணில் ஒரு பத்தடி தூரம் தெளிவாகத் தெரிந்தது. வரிசையைத் திருப்பினோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆளை எட்டியிருப்போம்.

அப்போதுதான் பைக்குகள் வந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். வெளிச்சம் மொத்தமும் எங்கள் முகத்தில். கீதாரி குச்சி நட்ட இடத்தின் மேலேயே முதல் வண்டி நின்றது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததன் நகலும், காட்டுக்குள் போக வாங்கிய அனுமதியும் என் சட்டைப்பையில் இருந்தன. அந்த நேரத்தில் தாளைப் படிக்க யாருக்குப் பொறுமை? குழுவில் ஒரு மாணவனுக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் ஊர்ப் பஞ்சாயத்தாகப் போய்விடும், எனக்கு அது வேண்டாம்.

தம்பிகள் சந்தேகப்பட்டதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ராத்திரியில் வெளியாட்கள் காட்டுக்குள் நுழைந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆடு திருட்டும் செம்மண் திருட்டும் நடக்கிற ஊர்கள். பூட்டிக்கிடக்கும் வீட்டில் தேக்குத் தூணையும் நிலையையும் பெயர்த்துக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. ஆனால் 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வக் கோவிலுக்குப் போகிற வழியில், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக. கேள்வி முதலில், கை அதற்கப்புறம் என்றில்லாமல் கையே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாமே. சந்தேகமாக இருந்தால் 112க்கு அடியுங்கள், ஆள் வரும்வரை நிறுத்திவையுங்கள். நாங்கள் நிற்கிறோம்.

இந்தக் களேபரத்தில் ஒரு தம்பி மட்டும் ஒன்றுக்குப் போக ஒதுங்கினான். வண்டி விளக்கை விட்டு விலகி, இருட்டில் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். பிறகு செல்போன் டார்ச்சைப் போட்டிருக்கிறான். காரைமுள்ளுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்திருக்கிறது. “பொணம்டா!” என்று அவன் போட்ட சத்தத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்தது. வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள்.

நான் இந்த மடலில் சொல்ல வந்ததே அந்தத் தம்பி செய்ததைத்தான். ஓர் ஊரில் ஒருவர் காணாமல் போனால் நாம் என்ன செய்கிறோம்? ஐம்பது பேர் கூடுகிறோம். முப்பது பைக் கிளம்புகிறது. ஆளுக்கொரு திசை, யார் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. தார்ச்சாலையில் மூன்று தடவை ஒரே இடத்தைப் பார்ப்போம். சாலையிலிருந்து இருபது அடி உள்ளே ஒரு தடவைகூடப் பார்க்கமாட்டோம். மண்ணில் இருந்த தடமெல்லாம் டயருக்கு அடியில் போகும். அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் அழிக்கிற துப்பை அதற்கப்புறம் போலீஸ் மோப்ப நாய் வந்தாலும் மீட்க முடியாது. கூட்டத்தை விட்டு விலகி, வண்டியை அணைத்துவிட்டு, நின்று பார்த்தவன் கண்ணில்தான் ஆள் பட்டார்.

நம் ஊர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை: நம் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்புத் திண்ணையில் வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பார், “ஐயா வெளிய வரவே இல்லீங்க” என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மைதான். ஐயா வளவு முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, அடுப்படி வழியாகப் பின்தெருவில் இறங்கிப் போயிருப்பார். எல்லோரும் முன்தெருவில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்போம். ஆகவே ஆள் காணோம் என்றதும் முதல் கேள்வி, எந்த வாசல் என்பதுதான். பின்வாசல் தாழ்ப்பாள் திறந்திருக்கிறதா, செருப்பு எந்த வாசலில் இல்லை, கைத்தடி இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தவர் அந்த வாசலில் ஒருவரை நிறுத்திவிட்டு, வேறு யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கும் முன்னால் வீட்டுக்குள்ளேயே தேட வேண்டும். இதைச் சொன்னால் வீட்டார் கோபப்படுகிறார்கள், “அதெல்லாம் பாத்தாச்சு” என்கிறார்கள். அறை அறையாக, கட்டிலுக்கு அடியில், நெல் கொட்டும் அறையில், மெத்தைப் படிக்கட்டுக்குப் பின்னால், பூட்டாத பக்கத்துப் பங்காளி பங்கில் எல்லாம் யார் பார்த்தார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பாதி அறைக்குப் பதில் வராது. சின்னப் பிள்ளைகள் பயந்தால் ஒளிந்துகொண்டு அப்படியே தூங்கிப்போகும். அவ்வளவு பெரிய வீட்டில் ஒரு பிள்ளையை ஊரே வெளியில் தேடிக்கொண்டிருக்க, அது பெட்டக அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கலாம். கிணற்றையும் பாருங்கள். பகலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து ஒளியைக் கிணற்றுக்குள் திருப்பினால் டார்ச்சைவிட நன்றாக அடிவரை தெரியும். நம் தாத்தா காலத்து வித்தைதான், மறந்துவிட்டோம்.

ஏன் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறாய் என்றால், நம் தெருக்களைப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். வீட்டில் ஆச்சி ஒருவர், சமையலுக்கு ஓர் ஆள். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதிநோய் இருக்கிறது என்பது 2023இல் வெளியான மதிப்பீடு. வயதானவர்கள் மட்டுமே தங்கிவிட்ட ஊர்களில் அது எவ்வளவு கனமாக இறங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் நேற்று சாப்பிட்டது மறக்கும், அறுபது வருடத்துக்கு முந்தைய வழி மறக்காது. எழுந்து நடக்கிற ஆச்சி பெரும்பாலும் எங்கேயோ போகவில்லை, பிறந்த வீட்டுக்குப் போகிறார். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வியாபாரத்துக்கு, போன ஐயா, ரயிலைப் பிடிக்கப் போவார், ரங்கூன் கடையைத் திறக்க. அவருக்கு இன்றைய ரயில் நிலையம் வேண்டாம், பழைய வழி போதும். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். அதனால்தான் நாங்கள் வீட்டாரிடம் உயரம், நிறம் கேட்பதற்கு முன் வேறு கேள்விகள் கேட்கிறோம். ஆச்சி பிறந்த ஊர் எது, சின்ன வயதில் நடந்து போன கோவில் எது, ஐயா முதலில் வேலை பார்த்த கடை எந்தத் தெரு. “காணோம்னு தவிச்சுக்கிட்டு இருக்கோம், கதை கேக்குறீங்களே” என்று ஒரு வீட்டில் திட்டியே விட்டார்கள். அந்தக் கதையில்தான் திசை இருக்கிறது.

காவல்துறையிடம் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் எடுப்பார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னதை ஊரே வேதவாக்காக வைத்திருக்கிறது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. குழந்தை காணாமல் போனால் புகார் வந்த உடனே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. அடுத்த நாள் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், மரியாதையாக அங்கேயே உட்காருங்கள், எழுந்து வராதீர்கள். இன்னொன்று, செட்டிநாடு ஒன்றுதான், மாவட்டம் இரண்டு. கானாடுகாத்தானுக்கு வடக்கே கொஞ்சம் நடந்தால் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடும். தொலைந்தவருக்கு எல்லைக்கல் தெரியாது. இரண்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிட வேண்டும்.

சங்கங்களிடம் எங்களுக்குப் பணம் வேண்டாம். பனியன் அடித்துத் தருகிறோம், முதுகில் சங்கத்தின் பெயர் போட்டுக்கொள்கிறோம் என்று அன்போடு சொன்னவர்களுக்கும் நன்றி, அதுவும் வேண்டாம். வேண்டியது ஒரு நோட்டு. உங்கள் ஊரில் பூட்டியிருக்கும் வீடுகள் எவை, ஒவ்வொன்றின் சாவி யாரிடம், அவருடைய போன் எண் என்ன என்று எழுதிய நோட்டு. பின்சுவர் இடிந்த பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெரியவர் நுழைந்துவிட்டால், முகப்புப் பூட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் கடந்துபோவோம். சாவி மதுரையில், உரிமையாளர் மலேசியாவில், அவரைப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடக்கும் உடம்புக்கு ஓர் இரவும் ஒரு பகலும் மிக நீளம். நோட்டு சங்கச் செயலரிடமே இருக்கட்டும், எங்களிடம் தர வேண்டாம். கேட்கும்போது திறந்தால் போதும்.

அடுத்தது, அறிவிப்பு. ‘இந்தப் பெரியவரைக் காணவில்லை, பகிரவும்’ என்று வருகிற படங்களில் தேதி இருக்காது. நான்கு வருடத்துக்கு முன்னால் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து சேர்ந்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவரே அந்தப் படத்தை எனக்கு அனுப்பினாலும் ஆச்சரியப்படமாட்டேன். தேதி, நேரம், கடைசியாகப் பார்த்த இடம், கட்டியிருந்த துணியின் நிறம், ஒரே ஒரு போன் எண் போடுங்கள். ஆள் கிடைத்ததும் அதே குழுவில் கிடைத்துவிட்டார் என்றும் போடுங்கள். பழைய அறிவிப்புகளால் புதிய அறிவிப்பை யாரும் பார்ப்பதில்லை.

வீட்டாருக்கு: காணாமல் போனவரின் தலையணை உறையைத் தொடாதீர்கள், துவைக்கப் போடாதீர்கள். மோப்ப நாய் வந்தால் அதுதான் முதலில் தேவைப்படும். நாலு பேர் வரும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் படுக்கையை உதறி மடித்துவைப்பார்கள்.

தைப்பூச யாத்திரைக்குப் பொறுப்பான அண்ணன்மார்களிடமும் ஒரு வேண்டுகோள். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனிவரை இத்தனை ஆயிரம் பேர் நடக்கிறார்கள். இருட்டில் சாலையை விட்டு ஒதுங்குகிற பெரியவர் திரும்பும்போது திசை மாறிவிடுவது சகஜம். கழுத்தில் காவடித் துண்டோடு ஒரு விசிலும் தொங்கட்டும். பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. குரல் சீக்கிரம் கம்மிவிடும், விசில் கம்மாது. மூன்று தடவை ஊதினால் உதவி வேண்டும் என்று அர்த்தம் என எல்லா நடைக் குழுவுக்கும் சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லலாம். 1981இல் கலிபோர்னியாவில் மலைக்காட்டில் வழிதவறிய ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் நடந்துகொண்டே போனதால் தேடியவர்களால் உயிரோடு மீட்க முடியவில்லை. அதற்குப் பிறகு அங்கே, வழி தெரியவில்லை என்றால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குத் தைலமரமோ பனையோ எதுவானாலும் சரி.

தேடப்போகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குரங்கணிக் காட்டுத்தீயில் 2018 மார்ச்சில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காட்டுக்குள் யார் போயிருக்கிறார், எத்தனை பேர், எந்த வழி என்ற கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத் தமிழ்நாடே அன்றைக்குப் பார்த்தது. எங்கள் குழுவில் காட்டுக்குள் நுழையும் முன் பெயர் எழுதி, வெளியே வந்ததும் அந்தப் பெயரை அடித்துவிடுகிற பழக்கம் அதனால்தான். தனியாக யாரும் போவதில்லை. ராத்திரியில் செருப்புக் காலோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவோம், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும். நம் பக்கம் கட்டுவிரியன் இரவில்தான் இறங்கும், கடித்தது பல பேருக்குத் தெரிவதுகூட இல்லை. வலி பெரிதாக இருக்காது, விடிவதற்குள் மூச்சு அடைக்கும். கடித்தால் கட்டுப்போட்டு, கீறி, மந்திரித்து நேரத்தைப் போக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருவரைத் தேடப்போய் இன்னொருவரை இழக்கிற கொடுமை வேண்டாம்.

மாவட்ட நிர்வாகத்தின் பேரிடர்ப் பயிற்சிகளில் எங்கள் ஆட்கள் சிலர் கலந்துகொண்டிருக்கிறார்கள். ஆப்த மித்ரா திட்டத்தில் வெள்ளம், தீ, முதலுதவி எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். வறண்ட பூமியில், இருட்டில், பதில் சொல்லாத ஒரு மனிதரைத் தேடுவதை அந்தந்த மண்ணில் இறங்கித்தான் பழக வேண்டும். உங்கள் ஊர்க் காடு எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எந்தக் கிணறு மூடாமல் கிடக்கிறது, எந்த ஒற்றையடிப் பாதை முந்திரிக்காட்டுக்குள் போய் முடிகிறது என்பதெல்லாம் ஆடு மேய்க்கிற பெண்களுக்கும் சுள்ளி பொறுக்குகிறவர்களுக்கும் தெரிகிற அளவுக்கு எந்த வரைபடத்திலும் இல்லை.

அடுத்த பயிற்சி மார்கழி இரண்டாம் ஞாயிறு. பகலில் தொடங்கி இரவு ஒன்பது மணிவரை. இடத்தையும் நேரத்தையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவிடுவோம், சுற்று ஊர்களில் தண்டோராவும் போடுவோம், கோவில் ஒலிபெருக்கியிலும் சொல்லச் சொல்லியிருக்கிறோம். ஊருக்கு இரண்டு பேரை அனுப்புங்கள். ஒருவர் காட்டுப்பாதை தெரிந்தவராகவும், இன்னொருவர் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தாலும் எடுக்கிறவராகவும் இருந்தால் நல்லது. முழுக்கைச் சட்டை, ஷூ, டார்ச், தண்ணீர் பாட்டில் கொண்டுவரட்டும். பைக்கைச் சாலையிலேயே நிறுத்திவிட வேண்டும். மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. இந்த முறை தொலைந்துபோனவராக நடிக்க ஓர் ஆச்சி தேவை. முள்ளுக்குள் படுக்க வேண்டியதில்லை, நாற்காலி போட்டுத் தருகிறோம், ப்ளாஸ்க்கில் காப்பி உண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரிந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் ஊர்ச் சங்கத்தில் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தேடல் குழுவில் ஒருவன்,
காரைக்குடி